'விதிப்படி ஊதியம்' என்னும் விளம்பரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொறியியல் கல்லூரிகளில் பல்கலைக்கழக இணைப்புக்கான ஆய்வு நெருங்கினால் போதும், 'உதவிப் பேராசிரியர்கள் தேவை. ஊதியம் ஏஐசிடிஇ விதிப்படி' என்று விளம்பரங்கள் வரிசைகட்டும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அந்த விதிப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.57,700, அகவிலைப்படி தனி. நேர்காணலில் பேசப்படுவதோ பல இடங்களில் அதில் பாதிகூட இல்லை. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்குக் காட்டத்தான் சில கல்லூரிகளுக்கு ஆள் வேண்டும். ஆய்வு முடிந்தால் தேவையும் முடிந்தது. ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிப் பட்டியல்களில் இருந்தது 2024-இல் வெளிவந்ததே!

வேலைக்குச் சேர்பவர்களே, பணி நியமன ஆணையில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம், தகுதிகாண் காலம் ஆகியவை தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'மொத்த ஊதியம்' என ஒற்றை வரி இருந்தால் உஷார். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். கல்லூரியினர் பீரோவில் பூட்டிவிட்டால் வேறு வேலைக்கு நகர முடியாது. வங்கியில் முழுச் சம்பளம் போட்டுவிட்டு, ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் உண்டு.

பணியிட எண்ணிக்கையும் ஊதியத் தொகையும் இல்லாத விளம்பரங்களை நாளிதழ்கள் ஏற்காமலிருக்கலாம்.

- வாசகர், கோவை