கரைந்துபோன மேட்டுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

துகள் மோதல் தரவில் புதிய இயற்பியல் தென்படுகிறது என்று தலைப்பு வந்தால், நான் முதலில் தேடுவது சிக்மா எண்ணைத்தான், அதாவது தற்செயலாக அப்படி ஒரு முடிவு வருவது எவ்வளவு அரிது என்று சொல்லும் அளவை. பல நேரம் செய்தியில் அது இருப்பதே இல்லை.

2015 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு குழுக்களும், ஜோடி ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) வெளிப்படும் மோதல்களை எண்ணி வரைபடம் போட்டன. கோடு வழுவழுவென்று இறங்கிக்கொண்டே வருகிறது, 750 ஜி.இ.வி. (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) பக்கம் மட்டும் ஓரிரு புள்ளிகள் கோட்டை விட்டு மேலே நிற்கின்றன. அவ்வளவுதான். புதிய துகளின் தடயமோ என்று அந்தச் சின்ன மேட்டை விளக்கச் சில மாதங்களில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தது, மேடு கரைந்துபோயிற்று. மேடு தெரிந்ததைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு அது கரைந்த சேதி போய்ச் சேர்ந்திருக்கும்?

இதில் யாரும் ஏமாற்றவில்லை. மூன்று சிக்மா என்றால், புதிதாக ஒன்றுமே இல்லாதபோதும் தற்செயலாக அப்படி அமைய ஏறக்குறைய 740-ல் ஒரு வாய்ப்பு உண்டு. கேட்க அரிதாகத் தோன்றும். ஆனால் ஆயிரக்கணக்கான இடங்களில் தேடும்போது எங்கோ ஓரிடத்தில் அப்படி ஒன்று தட்டுப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஐந்து சிக்மா வரும்வரை, அதாவது தற்செயலுக்கான வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்று என்று சுருங்கும்வரை, 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லை இயற்பியலாளர்கள் தொடாததும் அதனால்தான். 2012-ல் ஹிக்ஸ் போசான் என்ற துகள் அந்த வரம்பைத் தாண்டித்தான் வந்தது.

அப்புறம், செர்னின் இன்னொரு குழுவான எல்.எச்.சி.பி.யின் கதை. பி-மேசான் என்ற குறுகிய ஆயுள் துகள் சிதையும்போது மியூவான் (எலக்ட்ரானின் கனமான உறவு) ஜோடியும் எலக்ட்ரான் ஜோடியும் ஏறக்குறைய சம அளவில் வர வேண்டும் என்பது, துகள்களைப் பற்றி இன்று ஏற்கப்பட்ட கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடலின் கணக்கு. 2021-ல் மியூவான் பக்கம் குறைவாகத் தெரிந்தது, மூன்று சிக்மாவுக்குச் சற்று மேல். உலகமே பரபரத்தது. அதே குழு தன் கணக்கை விடாமல் குடைந்தது. எலக்ட்ரான் என்று எண்ணியவற்றில் சில எலக்ட்ரானே அல்ல, வேறு துகள்கள் என்று தெரியவந்தது. 2022 டிசம்பரில் திருத்திய முடிவைத் தாங்களே வெளியிட்டார்கள். விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்று பொருந்திவிட்டது.

என்னைக் கேட்டால், 2021-ஐ விடப் பெரிய செய்தி இதுதான். தங்களுக்கே பேர் வாங்கிக் கொடுத்த முடிவைத் தாங்களே கலைத்துப் போட எவ்வளவு நேர்மை வேண்டும்! அதைத் தோல்வி என்று எழுதுவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. இத்தகைய செய்தியின் முதல் பத்தியிலேயே எத்தனை சிக்மா என்று போடுங்கள். முதல் பக்கத்தில் வந்த மேடு பின்னால் கரைந்தால், அதையும் முதல் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்