எந்த ஊர் அரபு?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. பழைய கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் ஓடுகிற மாதிரி சின்னதாக ஒரு விளையாட்டு செய்யப்போகிறாய், அதில் எல்லோரும் அரபியில் பேசிக்கொள்வார்கள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். எழுத்துரு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நான் கேட்கிறேன்: உன் ஆட்கள் எந்த ஊர்க்காரர்கள்? கெய்ரோவா, பாக்தாதா, காசாபிளாங்காவா? அது முடிவாகாமல் ஒரு எழுத்தைக்கூட வரையாதே.

‘கேம் பாய்’ என்ற பெயரையே பார். ‘கேம்’ என்பதன் முதல் ஒலிக்கு எழுத்து அரபான ஃபுஸ்ஹாவில் தனி எழுத்து கிடையாது. கெய்ரோக்காரர் ஜீம் என்ற எழுத்தைப் போட்டு எழுதுவார். அவர் வாயில் ஜீமின் ஒலியே அதுதான். டமாஸ்கஸில் கைன் போடுவார்கள். ரியாத்தில் தொண்டைக் காஃப், ஏனென்றால் அங்கே பேச்சில் அந்த எழுத்து இப்படித்தான் ஒலிக்கும். பாக்தாதில் பாரசீகத்திலிருந்து வந்த, மேலே இரட்டைக் கோடுள்ள சாதாரணக் காஃப். மொராக்கோவில் அதே சாதாரணக் காஃபின் மேல் மூன்று புள்ளி. முதல் மூன்று ஊருக்கும் வழக்கமான 28 எழுத்து போதும். கடைசி இரண்டுக்கும் கூடுதலாக வரைய வேண்டும். ஈராக் என்றால் ‘ச்ச’ ஒலிக்கும் தனி எழுத்து வேண்டும், அடிக்கடி வரும். தமிழை அரபி எழுத்தில் எழுதிய நம் ஊர் அரபுத்தமிழில் தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டிப் புது எழுத்து செய்துகொண்டார்களே, அதே வேலைதான்.

சொற்களும் அப்படியே. ‘இப்போது’ என்பதற்குக் கெய்ரோவில் தில்வஅதி, பெய்ரூட்டில் ஹல்லஅ, வளைகுடாவில் அல்ஹீன், பாக்தாதில் ஹஸ்ஸா, மொராக்கோவில் தாபா. முதல் இரண்டிலும் ஒளிந்திருப்பது ‘வக்த்’. நம் ஊரில் தொழுகை வக்து என்கிறோமே, அதுதான். அதன் தொண்டைக் காஃப் அங்கே தொண்டையில் ஒரு வெட்டாக மாறிவிட்டது. அதனால் ரோமன் எழுத்தில் சாட் செய்யும்போது அந்த இடத்தில் 2 போடுவார்கள். மொராக்கோவில் தொண்டைக் காஃபுக்கு 9. ஐனுக்கு 3, பெரிய ஹாவுக்கு 7: எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் பிறந்த எண்கள். அரபி இல்லாத கணினிகளிலும் போன்களிலும் தொடங்கிய பழக்கம் இது. அரபி வந்த பிறகும் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ரோமனில் 160 எழுத்தும் அரபியில் 70-ம்தான் பிடித்தன. உன் விளையாட்டில் யாராவது போனில் செய்தி அனுப்பினால் இப்படியே எழுது. ஊரும் தெரியும். பெயர்ப் பலகை, மெனு, கதை சொல்லும் குரல் மட்டும் ஃபுஸ்ஹாவில் இருக்கட்டும். சந்தையில் காய் விற்பவர் ஃபுஸ்ஹாவில் பேசினால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

இனி எழுத்துரு. திரை 160-க்கு 144 பிக்சல். 8-க்கு 8 பிக்சல் கொண்ட சின்னச் சதுரங்களாக, அதாவது டைலாகக் கணக்கிட்டால் 20 பத்தி, 18 வரிசை. பின்னணியில் ஒரே சமயத்தில் 256 டைல்தான், படத்துக்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். 28-ல் 22 எழுத்து இரு பக்கமும் சேரும், ஒவ்வொன்றுக்கும் 4 வடிவம். அலிஃப், தால், ஃதால், ரா, ஸே, வாவ் ஆறும் அடுத்த எழுத்தோடு சேராது, 2 வடிவம். ஆக 100. அத்தனையும் வரையாதே. இந்த அளவில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வருவது ஒரே டைல், கடைசியிலும் தனியாகவும் வருவது ஒரே டைல் என்று வைத்துக்கொள்ளலாம். ஐன், கைன், சின்ன ஹா மூன்றுக்கு மட்டும் நான்கும் வேண்டும். 56-ல் முடியும். ஹம்ஸா வகைகளும் லாம்-அலிஃப் கூட்டெழுத்தும் தனி.

இணைப்புக் கோடு எல்லா டைலிலும் ஒரே பிக்சல் வரிசையில் ஓட வேண்டும். மேலிருந்து 6-ஆவது சரியாக வரும். சேரும் பக்கத்தில் விளிம்புப் பிக்சல் வரை தொடு. ஒரு பிக்சல் குறைந்தாலும் சொல் இரண்டாக உடையும். சொல் நடுவில் பா, தா, ஸா, நூன், யா ஐந்தும் ஒரே பல் வடிவம்தான், புள்ளிதான் ஆளைக் காட்டும். அதனால் புள்ளியை அடர்ந்த நிறத்திலேயே வை. வெளிர் சாம்பல் அந்தப் பழைய திரையில் கரைந்துவிடும். ஸீன், ஷீன், ஸாத், ளாத் கடைசி வடிவம் ஒரு டைலில் அடங்காது, இரண்டு கொடு; அந்த 56 இதனால் 60 ஆகும். எகிப்தியர் சொல்லின் கடைசி யாவுக்குப் புள்ளி போடுவதில்லை. கெய்ரோ என்று முடிவு செய்தால் நீயும் போடாதே, படிப்பவருக்கு உடனே ஊர் மணக்கும்.

வசனத்தைப் பைத்தான் நிரல்மொழியில் அரபிக் ரீஷேப்பர் என்ற நூலகம் வழியாக அனுப்பினால் இடத்துக்கேற்ற வடிவம் வந்துவிடும். அடுத்து வரிகளாக உடை, அதன் பிறகே ஒவ்வொரு வரியையும் வலம் இடமாகத் திருப்பு. பலரும் தவறுவது இங்கேதான். மொத்தமாகத் திருப்பிவிட்டு உடைத்தால் கடைசி வரி மேலே போய் உட்காரும். வெறுமனே திருப்பினால் 12 தினார் 21 தினார் ஆகும். பைத்தான்-பிடி என்ற இன்னொரு நூலகம் திருப்பும்போது எண்களைச் சரியாக விட்டுவைக்கும். மொராக்கோவின் மூன்று புள்ளிக் காஃபில் ஒரு சிக்கல்: இப்போது அங்கே புழங்கும் யூனிகோட் குறியீட்டுக்கு முன், நடு, கடை வடிவங்கள் தனிக் குறியீடாக இல்லை, ரீஷேப்பர் அப்படியே விட்டுவிடும். உய்குர் மொழியை எழுதவும் பயன்படுகிற, பார்க்க அதே போன்ற மூன்று புள்ளிக் காஃபுக்கு நான்கும் உண்டு. அதை மாற்றிப் போட்டுவிடு. கடைசியில், கேம் பாய் நிரல் எழுதும் கருவியான ஆர்.ஜி.பி.டி.எஸ்.ஸின் சார்மேப் என்ற எழுத்து அட்டவணையில் ஒவ்வொரு வடிவத்துக்கும் டைல் எண் கொடுத்தால் போதும்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும்போது வலது ஓரப் பத்தியில் தொடங்கிப் பத்தி எண்ணைக் குறைத்துக்கொண்டே வா. இல்லாவிட்டால் வாக்கியம் வாலிலிருந்து முளைக்கும். விளையாடுபவர் தட்டும் பெயரை ரீஷேப்பர் பார்த்திருக்காது. அதற்கு விளையாட்டுக்குள்ளேயே ஒரு சின்ன அட்டவணை வேண்டும். முந்தைய எழுத்து அடுத்ததோடு சேராத அந்த ஆறில் ஒன்றா, பின்னால் இன்னொரு எழுத்து வருகிறதா என்று பார்த்து வடிவத்தை எடுத்தால் போதும்.

ஊரை முடிவு செய்ததும் முதல் பத்து வரி வசனத்தை அனுப்பு. எந்தெந்த டைல் வேண்டும் என்று எண்ணி எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி