ஆள் வராத நாளில் அது கடமை

ஆசிரியருக்கு வணக்கம்.

வயதானவர்களை வீட்டில் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கே ஊதியம் தரலாமா என்ற கட்டுரையையும், 'பெற்றவர்களைப் பார்க்கக் காசா?' என்று கொதித்து வந்திருந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். அந்தக் கடிதம்தான் என்னை எழுத வைத்தது.

படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை ஆறு வருஷம் பார்த்தவள் நான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விட்டால் இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகிவிடும். ராத்திரிக்கு அலாரம். நடுவில் எட்டு மாதம் ஆள் வைத்திருந்தோம். அந்த அம்மாவுக்குச் சம்பளம் உண்டு, வாரம் ஒருநாள் லீவும் உண்டு. அவர் வராத நாளில் அதே வேலையை நான் செய்தால் அதற்குப் பெயர் கடமை. இத்தனைக்கும், விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அதற்காகக் கையில் காசு கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஜப்பான் 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியபோது, குடும்பத்துக்குப் பணமாகத் தருவதில்லை என்றே முடிவெடுத்தது. பணத்தைக் காட்டி மருமகளை மறுபடி வீட்டோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று அங்கே பெண்கள் எதிர்த்ததும் ஒரு காரணம். நியாயமான பயம். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்!

ஜெர்மனியில் 1995 முதல் இதேபோன்ற பராமரிப்புக் காப்பீட்டிலிருந்து உதவித்தொகை தருகிறார்கள். ஆனால் அது முதியவர் கைக்குத்தான் போகிறது, பார்த்துக்கொள்பவர் கைக்கு அல்ல. அது எனக்கு உடன்பாடில்லை. பிடித்தது வேறு: வாரத்தில் குறைந்தது 10 மணி நேரம் பார்த்துக்கொள்பவருக்கு, சில நிபந்தனைகளோடு, ஓய்வூதியச் சந்தாவையும் காப்பீட்டு நிதியே கட்டிவிடுகிறது. மாமியார் போனபிறகு வேலைக்கு மனுப் போட்டபோது, 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் அந்த ஆறு வருஷத்துக்கு நேரே கோடுதான் போட்டேன்.

'காசை வாங்கிக்கொண்டு கிழவியைக் கவனிக்காமல் விட்டால்?' என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். ஜெர்மனியில் உதவித்தொகை மட்டும் வாங்கும் வீடுகளுக்கு, ஓரளவு முடியாதவர்கள் என்றால்கூட, பயிற்சி பெற்றவர்கள் அவ்வப்போது வந்து பார்த்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்பது விதி. வர விடாவிட்டால் தொகை குறையும். என் வீட்டுக்கு அப்படி யாராவது வந்திருந்தால், முதுகு பிடித்துக்கொள்ளாமல் அவரைத் தூக்கி உட்காரவைப்பது எப்படி என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி