கணித வரலாற்று வாசகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்குழுவும் மாதக் கூட்டங்களும் வழக்கம்போல் நடந்தன. நூலகப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கணிதவியலாளர் ஜான் வாலிஸ் பற்றிய தொடர் வாசிப்பு. ஒரு பாதிரியாருக்கு ஓர் ஆண்டு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். 1616இல் கென்ட் பகுதி ஆஷ்ஃபர்டில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, 1640இல் குருப்பட்டம் பெற்றவர் அவர். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னர் தரப்பின் சங்கேதக் கடிதங்களை நாடாளுமன்றத்துக்காக உடைத்துப் படித்தார். அந்தச் செல்வாக்கில்தான் 1649இல் ஆக்ஸ்ஃபர்டின் வடிவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. கணிதத்தில் அப்போது அவருக்குப் பெரிய பெயர் இல்லை. ஆனால் மன்னர் முதல் சார்லஸின் மரண தண்டனையை எதிர்த்துக் கையெழுத்திட்டிருந்ததால் மன்னராட்சி திரும்பியபோதும் பதவி நிலைத்தது. 1703இல் இறக்கும்வரை 54 ஆண்டுகள். படுத்த எட்டாக நாம் எழுதும் முடிவிலிக் குறி 1655இல் அவர் தந்தது.

அவருடைய பெருக்கல் தொடரைக் கையால் போட்டுப் பார்த்த அமர்வோடு பலர் நின்றுவிட்டார்கள். வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் சுவையான இடம் அதற்கடுத்துதான் வந்தது. 2/1, 2/3, 4/3, 4/5, 6/5, 6/7 எனப் பெருக்கிக்கொண்டே போனால் π-இன் (வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 3.1416 என்ற எண்ணின்) பாதி வரவேண்டும். பின்னங்கள் ஒன்றை நெருங்க நெருங்க விடை நகர மறுக்கிறது. 200 பின்னங்களைப் பெருக்கி இரட்டித்தாலும் 3.1338தான். விடை ஒருமுறை மேலேயும் மறுமுறை கீழேயும் விழுவதைக் கவனித்தால் வழி திறக்கும்: ஆறாவது விடை 1.4629, ஏழாவது 1.6718, மிகையும் குறையும் ஈடாகும்படி இரண்டையும் கூட்டினால் 3.1347. ஏழே பின்னங்களில் அந்த இருநூறை முந்திவிட்டோம். வராதவர்களுக்காக இந்தக் கணக்கு முழுவதும் தாளில் எழுதி நூலக அலமாரியில் வைக்கப்பட்டுள்ளது.

வாடகையும் நகலெடுப்பும் போகச் சிறு இருப்பு உண்டு, விவரம் பொருளாளரிடம். சந்தா நிலுவை கணிசமானது. நினைவூட்டல் கடிதங்களுக்குப் பெரும்பாலோர் பதில்கூட எழுதவில்லை. இடம் தந்தவர்களுக்கும் தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வில்லியம் ஆட்ரெட். சர்ரே பகுதி ஆல்பரியில் பங்குக் குருவாக இருந்தவர். அளவுகோல்களை நகர்த்திக் கணக்குப் போடும் நழுவு சட்டத்தை அமைத்தவர். இவருடைய நூலை 1647இல் படித்துத்தான் வாலிஸ் கணிதத்தில் இறங்கினார். மடக்கை (லாகரிதம்) அளவு குறித்த இரண்டு அட்டைகளை ஒட்டி நகர்த்தினால் நீளங்கள் கூடும், அதனால் எண்கள் ஒன்றோடொன்று பெருக்கப்படும். கோடுகள் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் விடை கெடும் என்பதால் வீட்டில் வரைந்தால் சரிவராது, அச்சடிக்க வேண்டும். தலைக்கு இரண்டு அட்டை. எத்தனை அடிப்பது என்பதைச் சந்தாப் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்ய இயலும்.

செயலாளர்