வைரஸை எந்தப் பக்கம் சேர்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செய்திகளில் வைரஸை 'நுண்ணுயிரி', அதாவது உயிருள்ளது என்றே எழுதுகிறார்கள். ஆனால் வைரஸுக்கு, செல்லில் புரதம் செய்யும் உறுப்பான ரைபோசோம் இல்லை. சொந்தமாகப் புரதம் செய்யவோ ஆற்றல் உண்டாக்கவோ முடியாது. 1935-இல் அமெரிக்க வேதியியலாளர் வெண்டெல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். அந்தப் படிகத்தைக் கரைத்து இலையில் தேய்த்தால் நோய் வந்தது! செல்லுக்கு வெளியே வெறும் துகள், உள்ளே புகுந்தால் பெருக்கம். உயிரின் விளிம்பில் நிற்பது என்று எழுதுவதே சரி.

காரைக்குடிப் பக்கம் சளி பிடித்தாலே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்பவர்கள் உண்டு. சளிக்குப் பெரும்பாலும் வைரஸே காரணம்; ஆன்டிபயாடிக் அதனிடம் வேலை செய்யாது. பெனிசிலின் என்ற ஆன்டிபயாடிக், பாக்டீரியாவைத் தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். வைரஸுக்கோ சுவரே கிடையாது. கொரோனா வைரஸின் கொழுப்புறையைச் சோப்பு குலைத்துவிடும், 20 விநாடி தேய்த்தால். அந்த உறையே இல்லாத, வாந்தி-வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரஸுக்குச் சானிடைசர் போதாது. சோப்புப் போட்டுக் கழுவித்தான் அகற்ற வேண்டும்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
காரைக்குடி