கல்லூரிக் குறியீட்டு எண் 1: ஒரு நன்றி மடல்

பண்ருட்டிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், என் ஆசிரியர்களுக்கும், எனக்காக ஒரு கையெழுத்தாவது போட்ட அத்தனை பேருக்கும் வணக்கம்.

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் மூன்றாம் ஆண்டை முடித்திருக்கிறேன். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. அப்பா பலா மண்டியில் சுமை தூக்குகிறார், அம்மா முந்திரி உடைக்கப் போகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "பொண்ணு நல்லாப் படிச்சுது, சீட்டு கெடச்சுது" என்று ஊரில் சொல்கிறார்கள். படித்தேன்தான். என்னைவிட நன்றாகப் படித்த இரண்டு தோழிகள் விண்ணப்பமே போடவில்லை. அவர்களுக்கு வழி சொல்ல ஆள் இல்லை, எனக்கு நீங்கள் இருந்தீர்கள். அதனால்தான் இந்த மடல்.

கணக்கு டீச்சருக்குத்தான் முதல் நன்றி. பதினோராம் வகுப்பில் பல மாதம் எங்களுக்கு இயற்பியல் ஆசிரியர் இல்லை. டீச்சர் சாயங்காலம் பள்ளி விட்ட பிறகும் இருந்து, அதற்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார். பிளஸ் டூ தொடங்கிய அன்றே கரும்பலகை ஓரத்தில் எழுதிப் போட்டார்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. "இதுதான் கட்-ஆஃப், இன்ஜினியரிங் சீட்டுக்கு இந்த மார்க்கைத்தான் பாப்பாங்க. தமிழ், இங்கிலீஷ் மார்க்கை இதுல சேர்க்க மாட்டாங்க." வகுப்பில் பலருக்கு அன்றுதான் அது தெரிந்தது. தேர்வு முடிந்ததும் தனியார் கல்லூரி ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். பஸ் இலவசம், சேர்க்கை உறுதி, ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் கொடுங்கள் என்றார்கள். "யார் கேட்டாலும் ஒரிஜினலைக் குடுக்காதே, குடுத்துட்டா கவுன்சிலிங் போக முடியாது" என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்ததால் அம்மா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

நான் நேரில் பார்த்தே இராத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பொறியியலுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. அதை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்த குழுவின் தலைவர் மறைந்த கல்வியாளர் மு. அனந்தகிருஷ்ணன். அந்தத் தேர்வு இருந்திருந்தால் கோச்சிங் கட்டணத்துக்கு எங்கள் வீட்டில் பணம் ஏது? அடுத்து, நீதிபதி முருகேசன் ஆணையம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தொழிற்படிப்புகளுக்கு ஏன் வர முடியவில்லை என்று ஆராய்ந்த ஆணையம் அது. அதன் அறிக்கையை ஒட்டித்தான் 2021-ல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது.

என் கட்-ஆஃபுக்குப் பொதுப் பட்டியலில் கிண்டி கிடைத்திருக்காது. 7.5-ல் கிடைத்தது. இதை நான் எங்கும் மறைப்பதில்லை. இயற்பியலுக்கு ஆள் இல்லாத பள்ளியில் வாங்கிய மார்க்கையும், டியூஷனுக்கு டியூஷன் போய் வாங்கிய மார்க்கையும் ஒரே வரிசையில் வைப்பது நியாயமில்லை என்று ஓர் அரசு சட்டமாகவே எழுதியிருக்கிறது. அதன்படி வந்தவள் நான், தலை நிமிர்ந்துதான் சொல்வேன்.

ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குச் சான்று வேண்டும். எட்டாவது வரை நான் படித்தது ஊர் நடுநிலைப் பள்ளியில். கோடை விடுமுறை, பள்ளி பூட்டியிருந்தது. தலைமையாசிரியர் ஐயா எனக்காகவே நெய்வேலியிலிருந்து வந்து, பதிவேட்டைத் தேடி எடுத்து, சீல் வைத்துக் கொடுத்தார். டீக்குக்கூட நிற்கவில்லை. இ-சேவை மையத்து அக்கா என் ஆதாரையும் டி.சி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்பா பெயர் இரண்டிலும் வேறு வேறாக இருந்தது. "இப்படியே போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க, மொதல்ல இதைச் சரி பண்ணு" என்று உட்கார வைத்துத் திருத்தி, அதன் பிறகே முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். வி.ஏ.ஓ. சார் தாத்தா காலம் வரை விசாரித்து உடனே மேலே அனுப்பினார். இதில் ஒருவர் அசட்டையாக இருந்திருந்தாலும் அந்த வருடம் எனக்குப் போயிருக்கும்.

பக்கத்து ஊர் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். கலந்தாய்வுக்கு எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாக விருப்பப் பட்டியல் போடும் இரவு போனில் கூடவே இருந்தார். நான் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கல்லூரிகளாகப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருந்தேன். "குறியீட்டு எண் 1 எங்கம்மா?" என்று கேட்டார். கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஓர் எண் உண்டு, 1 என்பது கிண்டி. அதெல்லாம் நமக்கா அண்ணா என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார்: கம்ப்யூட்டர் உன் பட்டியலை மேலேயிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும். முதல் விருப்பம் இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. மேலே பெரிய கல்லூரியைப் போட்டதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. "ஆசைப்பட்டதை மேல போடு, கெடைக்கும்னு தோணுறதைக் கீழ போடு. நீயே உன்னை ரிஜெக்ட் பண்ணிக்காதே." அப்படிப் போட்ட முதல் வரிதான் கிடைத்தது. மார்க் இருந்தும் அந்த எண்ணைப் போடாமலே விடும் பிள்ளைகள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

சென்னைக்கு அனுப்ப அப்பா தயங்கியபோது, "புள்ளைய நான் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வரேன்" என்று கிளம்பிய அத்தைக்கு நன்றி. பாய், பக்கெட், துணிமணிக்கு வட்டியில்லாமல் பணம் தந்து, கூலியில் மெல்ல மெல்லக் கழித்துக்கொண்ட மண்டிக்கார ஐயாவுக்கு நன்றி. முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்த விடுதி அக்காவுக்கு நன்றி. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு அரசு மாதாமாதம் தரும் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயில்தான் நோட்டும் பஸ் செலவும் ஓடுகின்றன.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இங்கே நன்றி எழுதினால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் எழுதவில்லை.

விடுமுறைக்கு ஊரில்தான் இருப்பேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை ஞாயிறு காலை நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள். ஆதார், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள், பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம். விருப்பப் பட்டியலை நான் கூட உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். இ-சேவை அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் ஊர்ப் பெண்