தாடை நெஞ்சில் இருக்கட்டும்

அம்மு,

பழைய ரெஸ்லிங் மேட்ச் எல்லாம் ஒரே மெதுவு, ஐந்து நிமிஷம்கூட உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்று அனுப்பியிருந்தாய். அதற்குப் பதில் சொல்லவும், நீ ஆடின போன மேட்சில் உன் தலையில் விழுந்த அடியைப் பற்றிப் பேசவும்தான் இந்தக் கடிதம். போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிடுகிறாய். எழுதினால் முழுதும் படிப்பாய் என்று நம்புகிறேன்.

1987 மார்ச் 29, அமெரிக்காவில் பான்டியாக் சில்வர்டோம் அரங்கம், டபிள்யூடபிள்யூஈ கம்பெனி வருஷாவருஷம் நடத்தும் பெரிய விழாவான ரெஸில்மேனியாவின் மூன்றாவது. ஹோகன் ஆண்ட்ரேவைத் தூக்கிப் போட்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அன்றைய மேட்ச் அதுவல்ல, ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதினதுதான். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சாவேஜ் அதை அசைவு அசைவாக எழுதிவைத்து, ஸ்டீம்போட்டுக்கும் மனப்பாடம் ஆகும்வரை விடவில்லை. சில மாதம் முன்னால் கதைப்படி ரிங் மணியை வைத்து ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கியிருந்தார். அதனால் அன்று தொண்டைப் பக்கம் கை போனாலே கூட்டம் பதறுகிறது. கடைசியில் சாவேஜ் அதே மணியோடு மேலே ஏற, ஸ்டீம்போட்டுக்குத் துணையாக நின்ற ஜார்ஜ் ஸ்டீல் தள்ளிவிட, அடுத்த நிமிஷமே ஸ்டீம்போட் அவரைச் சுருட்டிப் பிடித்து ஜெயிக்கிறார். ஒருவர் தலைகூட ரிங் தரையில் குத்தவில்லை. நீ மெதுவு என்று சொல்லும் இடங்களில்தான் அடுத்த அடிக்கு விலை ஏறுகிறது. மறுபடி பார், வேகத்தை எண்ணாமல் அவர்கள் கை எங்கே போகிறது என்று மட்டும் பார்.

இப்போதைய ரெஸ்லிங் பிடிக்காதவள் இல்லை நான், உனக்கே தெரியும். பெண்களுக்கு நேரம் கொடுத்ததே இந்தத் தலைமுறைதான். 2015 ஆகஸ்டில் புரூக்ளினில் பெய்லியும் சாஷா பேங்க்ஸும் ஆடின மேட்ச், யார் கேட்டாலும் என் முதல் ஐந்தில் வரும். காயம்பட்ட பெய்லியின் கையை சாஷா மிதித்தாளே, அந்த ஒரு கையைச் சுற்றியே முழுக் கதையும் நடந்தது. அதிலும் மேல்கயிற்றிலிருந்து ஒரு தலைகீழ் ஹரிகேன்ரானா இருக்கிறது, கால்களால் கழுத்தைக் கவ்வி ஆளைத் தலைப்பக்கமாகப் புரட்டி வீசும் அடி. அந்த இடம் வந்தால் நான் தள்ளிவிட்டுப் பார்ப்பேன். நல்ல மேட்சுக்கு அது தேவையே இல்லை.

என் குறை அதுதான். ஒரு காலத்தில் பீட்டி வில்லியம்ஸ், குட்டிக்கரணம் போட்டு எதிராளியின் தலையைத் தரையில் இறக்கும் கனடியன் டெஸ்ட்ராயர் போட்டால் மேட்ச் முடிந்தது. இப்போது அதை வாங்கிக்கொண்டு எழுந்து ஓடுகிறார்கள். முடிக்கும் அடியை நடு அடியாக்கினால், முடிப்பதற்கு அதைவிட ஆபத்தான ஒன்று வேண்டும். அது தலையில்தான் போய் முடிகிறது. ரிங் விளிம்பில் சப்ளெக்ஸ் போடுவதும், அதாவது ஆளைத் தூக்கிப் பின்பக்கமாகச் சாய்த்து இறக்குவதும், அப்படித்தான். நடு ரிங்கில் பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பாதி அதிர்ச்சியை அதுவே வாங்கிக்கொள்ளும். விளிம்பில் பலகைக்கு நேர் கீழே இரும்புச் சட்டம், துளியும் அசையாது. கூட்டத்துக்கு இரண்டும் ஒரே சத்தம். உன் முதுகெலும்புக்கு அப்படி இல்லை. விளிம்பில் எதுவும் வாங்காதே என்று போன தடவையும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

நாற்காலி அடி பற்றி அப்பாவும் நீயும் சண்டை போடுவீர்களே, அதில் நான் உன் பக்கம் இல்லை. 1999 ராயல் ரம்பிள் விழாவில் மிக் ஃபோலியின் கையில் விலங்கு. எதிராளி ராக் நாற்காலியால் பத்துக்கும் மேல் அடித்தார். கையைத் தூக்கித் தடுக்க முடியாதவன் மண்டையில் விழுந்த அடி அத்தனையும் நிஜம். அதை வீரம் என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. 2010இல் தலையில் நாற்காலி அடியை டபிள்யூடபிள்யூஈ தடை செய்தது. நாற்காலி முதுகுக்குப் போனதால் ஒரு மேட்சும் கெட்டுப்போகவில்லை.

பம்ப், அதாவது அடிபடாமல் விழும் முறை பற்றி எழுதினால் கோச் சொல்லித் தருகிறார் என்பாய். சொல்லித் தரட்டும், நானும் சொல்கிறேன். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். பல்லுறையைக் கடித்துக்கொள், நாக்கு உள்ளே. விழும்போதே மூச்சை வெளியே விடு. இரண்டு தோள்பட்டையும் ஒரே நேரத்தில் தட்டையாக இறங்க வேண்டும். கைகள் உடம்பிலிருந்து அரைச் செங்கோணம் விலகி, உள்ளங்கை கீழே பார்க்க, ரிங் தரையை ஓங்கி அறைய வேண்டும். முழங்கால் மடங்கி பாதம் பதியட்டும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போகும். இடுப்பு முதலில் இறங்கினால் வால் எலும்பு. இதெல்லாம் முதல் ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் சரியாகத்தான் செய்கிறார்கள். பன்னிரண்டாவது நிமிஷத்தில் கழுத்துத் தசை களைத்துப்போகும், தாடை தானாக மேலே எழும்பும். முதுகு சரியாக விழுந்தும் தலை மட்டும் சாட்டை மாதிரி சொடுக்கிப் பின்மண்டை இடிக்கும். கழுத்துக்கென்று தனியாக வாரம் மூன்று நாள் பயிற்சி வேண்டும் என்பது அதற்குத்தான். செய்கிறாயா?

உன் போன மேட்சின் வீடியோவைத் தம்பி அனுப்பினான். முதலில் நல்லதைச் சொல்கிறேன். உன் ட்ராப்கிக் எவ்வளவு அழகாக வந்திருக்கிறது! இரண்டு பாதமும் சேர்ந்து, நெஞ்சில் பட்டும் படாமலும். எதிரே நின்றவளுக்கு வலித்தே இருக்காது, கடைசி வரிசைக்காரன் வாயைப் பிளந்திருப்பான். கூட்டம் ஆரவாரம் செய்ததும் அவசரப்படாமல் நின்று மூச்சு விட்டாய் பார், அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. எனக்கு அவ்வளவு பெருமை.

பிறகு அந்த ஜெர்மன் சப்ளெக்ஸ், பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்குவது. அவள் தன் இடுப்பை உன் இடுப்புக்குக் கீழே இறக்காமல் நின்றபடியே தூக்கினாள். அதனால் வளைவு பாதியிலேயே நின்றுவிட்டது. உன் தோள் இறங்க வேண்டிய இடத்தில் கழுத்தும் பிடரியும் இறங்கின. தரையில் பட்ட அந்தக் கணத்தில் உன் இரண்டு முன்கையும் தானாக மேலே எழுந்து, விறைத்து, காற்றில் அப்படியே நின்றன. கூட்டம் நீ நடிக்கிறாய் என்று கத்தியது. அம்மு, அப்படி யாரும் நடிப்பதில்லை. மூளை குலுங்கினால் கைகள் அப்படி நிற்கும். ரெஃப்ரி குனிந்து உன் கையைப் பிடித்தார், நீ திருப்பி அழுத்தினாய், நிஜக் காயம் என்று காட்ட அவர் தலைக்குமேல் கையைப் பெருக்கல் குறியாக வைக்கவில்லை, மேட்ச் தொடர்ந்தது. எழுந்தவள் அவள் தலையைக் கையிடுக்கில் இறுக்கும் ஹெட்லாக் போட்டாய், வலது பக்கம். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் இடது பக்கமே பிடித்துப் பழகினவள் நீ. அவளே உன்னை மெல்லத் திருப்பி இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். அதற்காக அவளுக்கு ஒரு நன்றி. தூக்கினதற்கு இல்லை.

முடித்துவிட்டேனே, அப்புறம் என்ன என்று தம்பியிடம் சொன்னாயாம். முடித்தது எதற்கும் சாட்சி இல்லை. 2014இல் ரெஸில்மேனியா 30, ரெஸில்மேனியாவில் தோல்வியே இல்லாமல் வந்த அண்டர்டேக்கரின் 21 வெற்றிக் கணக்கை ப்ராக் லெஸ்னர் உடைத்த இரவு. அண்டர்டேக்கர் கடைசி எண்ணிக்கைவரை ஆடினார், தன் காலில் நடந்து போனார். அன்று மதியத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி வரையில் எதுவுமே நினைவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஜப்பானில் ஷிபாடா, 2017 ஏப்ரலில் ஒகாடாவை நெற்றியால் முட்டினபின் மேட்சை முழுதாக முடித்துவிட்டு உள்ளே போனபிறகுதான் சரிந்தார். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தம் கட்டி அவசர ஆபரேஷன். ஸ்டீவ் ஆஸ்டினும் 1997 சம்மர்ஸ்லாம் விழாவில் ஜெயித்துத்தான் போனார். ஓவன் ஹார்ட், ஆளைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும் பைல்டிரைவரை முழங்காலில் இறக்காமல் உட்கார்ந்து இறக்கினார், ஆஸ்டினின் தலை தொடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கைகால் அசையவில்லை. ஓவன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தி நேரம் கடத்தினார், அதற்குள் ஆஸ்டின் ஊர்ந்து வந்து சுருட்டிப் பிடித்தார். உலகத்திலேயே பலவீனமான பிடி அது, இருந்தாலும் ரெஃப்ரி மூன்று எண்ணி வெற்றி கொடுத்தார். 2003இல் அந்தக் கழுத்தோடுதான் ஆட்டத்தை நிறுத்தினார்.



பிரெட் ஹார்ட்டைப் பற்றியும் சொல்கிறேன், உனக்கு அவரைப் பிடிக்கும். தன்னோடு மோதின ஒருவருக்கும் பெரிய காயம் வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. அவர் அடித்தால் இடி மாதிரி கேட்கும், பட்டவருக்குத் தெரியாது. 1999 டிசம்பர் ஸ்டார்கேட் விழாவில் கோல்ட்பெர்க்கின் ஒரு உதை அவர் தலையில் நிஜமாக விழுந்தது. அத்தோடு படுத்திருந்தால் தப்பித்திருக்கலாம். மறுநாளே ரிங்கில் ஏறினார், ஜனவரியிலும் ஏறினார். 2000இலேயே எல்லாம் முடிந்தது. முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடிதான் ஆளைக் கொல்லும். சிறிய அடியாக இருந்தாலும் போதும், மூளை திடீரென்று வீங்கிவிடும். டேனியல் பிரையன் 2016இல் ஓய்வு அறிவித்தபோது சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஆட வந்த முதல் ஐந்து மாதத்திலேயே மூன்று முறை மூளை அதிர்ச்சி. உன்னை மாதிரிப் புதிதாக இருந்த காலம். அதற்குப் பிறகும் அடிமேல் அடியாகச் சேர்ந்தது அவரைக் கடைசியில் வலிப்பு வரைக்கும் கொண்டுவந்து விட்டது. இரண்டு வருஷம் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கி 2018இல்தான் திரும்ப அனுமதி கிடைத்தது.

இடம் போய்விடும் என்று பயப்படுகிறாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. பெக்கி லிஞ்சைப் பார். 2018 நவம்பர் 12, நயா ஜாக்ஸின் குத்து முகத்தில் விழுந்து மூக்கு உடைந்தது. ரத்தம் வழிய, கூட்டத்துக்கு நடுவே கையை விரித்து நின்ற அந்தப் படத்தை எல்லோரும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நீயும்தான். ஒட்டாமல் விட்டது மறுநாளை. மூளை அதிர்ச்சி என்று டாக்டர் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை சர்வைவர் சீரிஸில் ரோண்டா ரௌசியோடு இருந்த மேட்சை விட்டுக்கொடுத்தாள். ரிங்குக்கு வந்து, தன் இடத்துக்கு சார்லட் ஃப்ளேரைத் தானே தேர்ந்தெடுத்தாள். அது அவளுடைய பெரிய மேட்ச், அதைவிட்டால் வேறில்லை என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தோம். 2019 ஏப்ரல் 7, ரெஸில்மேனியாவின் கடைசி மேட்ச் முதன்முதலாகப் பெண்களுக்கு. ரோண்டா, சார்லட், பெக்கி. இரண்டு பெல்ட்டையும் தூக்கிக்கொண்டு போனது யார்? ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

ஆகவே இப்படிச் செய். முதல் இரண்டு நாள் ஓடியாடாமல் இரு, போன் திரையைக் குறை, வண்டி ஓட்டாதே. அது கடந்துபோயிருந்தாலும் தலைவலியோ, வெளிச்சம் கூசுவதோ, தூக்கம் கெடுவதோ இன்னும் இருந்தால் ஆறவில்லை என்று அர்த்தம். பிறகு நடை, மெல்லிய ஓட்டம், பளு, ரிங்கில் ஆளில்லாத பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு முழு நாளாவது விடு. ஒரு படியில் தலை வலித்தால் முந்தின படிக்குத் திரும்பு. டாக்டர் எழுதிக் கொடுத்தபிறகுதான் பம்ப். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழ முடியாத தூக்கம், கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லாமை, வலிப்பு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி கசிவு, இதில் ஒன்று வந்தாலும் யாரையும் கேட்காமல் எமர்ஜென்சிக்குப் போ. நள்ளிரவாக இருந்தாலும் போ. நிஜமாகப் போவாயா?

இனிமேல் ஆடும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள். டிவி மேட்சில் விளம்பர இடைவேளை வந்தால் ஹீல், அதாவது வில்லனாக ஆடுபவர்கள், பின்னாலிருந்து தாடையைப் பிடிக்கும் சின்லாக் போட்டு உட்காருவார்களே, மூச்சு வாங்கவும் பேசவும்தான் அந்தப் பிடி. அந்த நேரத்தில் முகத்தை அவள் தோளில் மறைத்துக்கொண்டு, எங்கே இருக்கிறோம், அடுத்து என்ன என்று அவளிடம் சொல்லிப் பார். சொல்ல வரவில்லையென்றால் ரெஃப்ரியிடம் அப்போதே சொல். கையை அழுத்திக் காட்டுவது போதாது, பாதி நினைவிலும் கை அழுத்தும். நடுவில் நின்ற மேட்சுக்குக் கூட்டம் ஒரு வாரம் குறைசொல்லும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மேட்ச் பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது. தலையில் அடி, டாக்டர் விடும்வரை ஏறமாட்டேன் என்று மேட்ச் நடத்தும் ப்ரொமோட்டருக்கு இன்றைக்கே அனுப்பு. உன் இடத்துக்கு யார் சரி என்று நீயே ஒரு பெயரும் சொல்லிவிடு. டாக்டரிடம் தனியாகப் போகாதே, தம்பி கூட வரட்டும். அந்த சப்ளெக்ஸ் நேரத்தில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது. வீடியோவில் உன் கை விறைத்து நிற்கும் இடத்தில் நிறுத்தி அவன் காட்டட்டும், டாக்டருக்கு அது போதும். அப்பாவிடம் இன்னும் காட்டவில்லை. டாக்டர் சொன்னதை நீயே அவரிடம் சொல்லிவிடு.

அம்மா